மூன்றா நான்கா என்று முட்டிக்கொள்ளும் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

2025 மே 6 அன்று சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், மிலானில் இன்டர், பார்சிலோனாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று சாய்த்தது. இரண்டு ஆட்டமும் சேர்த்து 7-6. இனி 3-5-2 (பின்வரிசையில் மூவர், நடுவில் ஐவர், முன்னால் இருவர்) தான் எல்லாம் என்றீர்கள். மே 31 அன்று மியூனிக் இறுதியாட்டத்தில் அதே இன்டர், அதே பயிற்சியாளர், அதே 3-5-2. பிஎஸ்ஜியிடம் 0-5. மூன்று சென்டர்-பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்) ஆட்டமெல்லாம் மலையேறிவிட்டது என்று அதே வாய்கள் சொல்லின. இருபத்தைந்து நாளில் கெட்டுப்போவதற்கு ஃபார்மேஷன் என்ன பாலா?

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களிடம் இதே சண்டை இன்னும் கசப்பாக நடந்தது. ரூபன் அமோரிம் 3-4-2-1 வைத்து ஸ்போர்ட்டிங் அணியை 2020-21, 2023-24 என இரண்டு முறை போர்ச்சுகல் சாம்பியன் ஆக்கியவர். 2024 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்து அதையே ஆடவைத்தார். அந்தப் பருவம் 42 புள்ளியோடு 15-வது இடத்தில் முடிந்தது. ஒரு தரப்பு ஃபார்மேஷனைத் திட்டியது, மறுதரப்பு வீரர்களைத் திட்டியது. நடுக்களத்தில் நம் இருவருக்கு எதிரே மூவர் நிற்கும்போது அந்த மூன்றாவது ஆளிடம் யார் போயிருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு.

இந்த மடலில் நான் கேட்பது அதைத்தான். பின்வரிசையில் எத்தனை பேர் என்ற சண்டையைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். பந்து எதிரணியிடம் இருக்கும்போது யாரும் காவல் இல்லாமல் ஃப்ரீயாக நிற்கும் ஆளிடம் யார் போகிறார், அவர் விட்டுவந்த இடத்துக்கு யார் வருகிறார் என்ற இரண்டு கேள்விக்காகச் சண்டை போடுங்கள்.

முதலில் கணக்கு. பெரிய மைதானங்களின் அகலம் 68 மீட்டர். நான்கு பேரைச் சமமாக நிறுத்தினால் தலைக்கு 17 மீட்டர் வரும். அந்த இடைவெளியில் எந்த முன்கள வீரரும் நுழைந்துவிடுவார் என்பதால் யாரும் அப்படி நிற்பதில்லை. நால்வரும் ஒருவருக்கொருவர் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் நெருங்கி, பந்து இருக்கும் பக்கம் சேர்ந்து நகர்கிறார்கள். அப்போது அவர்கள் மூடுவது ஏறக்குறைய பெனால்டி பாக்ஸின் அகலம், அதாவது 40 மீட்டர். தூரத்து விங்கர் (எதிரணியின் ஓரத் தாக்குதல் வீரர்) ஆளில்லாமல் நிற்பார். அது தெரிந்தே செய்யும் விட்டுக்கொடுப்பு. பந்து அவரிடம் போய்ச் சேர்வதற்குள் நால்வரும் மறுபக்கம் நகர்ந்துவிடலாம் என்பது நம்பிக்கை. பாஸ் மெதுவாகப் போனால் நம்பிக்கை பலிக்கும். ஒரே உதையில் 50 மீட்டர் தாண்டும் டயகனல் (குறுக்காகப் போகும் நீண்ட பாஸ்) வந்தால், தூரத்து ஃபுல்-பேக் (பின்வரிசையின் ஓரத்து ஆள்) மூச்சு வாங்கியபடி விங்கருக்கு முன் தனியாக நிற்பார்.

மூன்று சென்டர்-பேக்கோடு இரு ஓரத்து விங்-பேக்கும் இறங்கி ஐந்து பேர் நின்றால் இந்த ஓட்டம் மிச்சம். டயகனல் வரும்போது விங்-பேக் ஏற்கெனவே அங்கே இருப்பார். ஆனால் அந்த ஐந்தாவது ஆள் சும்மா வரவில்லை. 5-3-2 என்றால் நடுக்களத்தில் மூன்றே பேர், அதே 68 மீட்டருக்கு. எதிரணியின் ஃபுல்-பேக் பந்து வாங்கும்போது அவரிடம் போக இயல்பான ஆள் யாரும் இல்லை. போக மூன்று வழி உண்டு. விங்-பேக் முன்னேறிப் போகலாம். அப்போது அவருக்குப் பின்னால் உள்ள இடத்தை ஓரத்து சென்டர்-பேக் வெளியே வந்து மூட வேண்டும், மற்ற இருவரும் ஒரு படி நகர வேண்டும். நடுக்கள மூவரில் ஓரத்தில் இருப்பவர் வெளியே ஓடலாம். அப்போது நடுவில் வாசல் திறக்கும், பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இரண்டு மூன்று முறை போனாலே அவர் கால் தளர்ந்துவிடும். ஸ்ட்ரைக்கர் ஒருவர் இறங்கி வரலாம். அப்போது பந்தைப் பறித்தபின் முன்னால் கொடுக்க ஆள் இருக்காது. மூன்றில் எது என்று அணி முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானிக்காத அணியில் விங்-பேக் பாதி தூரம் போய் நின்றுவிடுவார், நடுக்கள வீரரும் பாதி தூரம் வந்து நின்றுவிடுவார். ஃபுல்-பேக் தலை நிமிர்ந்து கிராஸ் போடுவார்.

ஐந்து பேர் லைனில் இன்னொரு தொல்லை, அதை நேராக வைத்திருப்பது. மியூனிக்கில் 12-வது நிமிட கோலைத் திரும்பப் பாருங்கள். பிஎஸ்ஜியின் விட்டின்யா பாக்ஸுக்குள் பந்தைத் திணிக்கிறார். மற்றவர்களைவிடப் பின்னால் நின்ற இன்டரின் டிமார்க்கோ, டூவேயை ஆஃப்சைடிலிருந்து காப்பாற்றி ஆன்சைடு ஆக்கிவிடுகிறார். டூவே தட்டிக் கொடுக்க, ஹக்கிமி தள்ளிவிடுகிறார். இதற்கு நான்கு பேர் லைன் மருந்தா? நான்கிலும் இது நடக்கும். ஐந்தில், விங்-பேக் முன்னும் பின்னும் அதிகம் ஓடுவதால் லைனோடு சேரத் தாமதமாகும் வாய்ப்பு கூடுதல். குறை சொல்வதென்றால் இந்த அளவுக்குக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

எண் மாறுவதால் ஒன்றுமே மாறாது என்று நான் வாதிடவில்லை. 2016 செப்டம்பர் 24 அன்று ஆர்சனலிடம் 3-0 என்று பின்தங்கியிருந்த செல்சியில், கான்டே இரண்டாம் பாதியில் மூன்று சென்டர்-பேக்குக்கு மாறினார். அடுத்த ஆட்டத்திலிருந்து லீகில் தொடர்ந்து 13 வெற்றி, முதல் ஆறில் ஒரு கோல்கூட வாங்கவில்லை, முடிவில் 93 புள்ளியோடு கோப்பை. எப்படி? அஸ்பிலிகுவேட்டா ஓரத்து சென்டர்-பேக் ஆனார். வெளியே இழுக்கப்பட்டாலும் ஃபுல்-பேக் போல ஒற்றைக்கு ஒற்றை சமாளிக்கத் தெரிந்தவர். விங்கராக இருந்த மோசஸும் புதிதாக வந்த அலான்சோவும் ஓரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஹசார்ட் எதிரணி ஃபுல்-பேக்கைத் துரத்தும் வேலையிலிருந்து தப்பினார். கான்டேயும் மாட்டிச்சும் ஓரத்துக்கு ஓடாமல் நடுவிலேயே நின்றார்கள். (இதில் முதல் கான்டே பயிற்சியாளர், இரண்டாம் கான்டே வீரர். தமிழில் எழுதும்போது இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.) யாருக்கு எந்த வேலை என்பது மாறியதுதான் விஷயம். இப்படிப்பட்டவர்கள் இல்லாத அணி 3-4-3 என்று தாளில் எழுதிக்கொண்டால் தாள்தான் மிஞ்சும்.

2022 உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் மூன்றா நான்கா என்ற கேள்வி எவ்வளவு அரைகுறை என்பது விளங்கும். ஜெர்மனிக்கு எதிராக ஜப்பான் முதல் பாதியில் நான்கு பேரோடு ஆடியது. ஜெர்மனியின் இடது ஓரத்தில் டேவிட் ராம் மறுபடி மறுபடி ஆளில்லாமல் பந்து வாங்கினார். பெனால்டியும் அவர் மேல் நடந்த ஃபவுலில் கிடைத்ததுதான். இடைவேளையில் குபோ வெளியே, டோமியாசு உள்ளே, பின்னால் ஐவர். ராமுக்கு நேரே இப்போது ஓர் ஆள் இருந்தார். டோவானும் அசானோவும் அடிக்க 2-1. நான்கிலிருந்து ஐந்துக்குப் போனது அங்கே சரி.

அரையிறுதியில் மொராக்கோ அதே பாதையில் போய்ச் சறுக்கியது. அதுவரை நான்கு பேர் லைன், அதற்கு முன்னால் அம்ரபாத், அவருக்கு முன்னால் நால்வர் என்று ஆடி, ஐந்து ஆட்டத்தில் வாங்கியது ஒரே கோல், அதுவும் கனடாவுக்கு எதிராகத் தானே போட்டுக்கொண்டது. பிரான்ஸுக்கு எதிராகப் பயிற்சியாளர் ரெக்ராகி ஐந்து பேரை நிறுத்தினார். வார்ம்-அப்பிலேயே அகெர்டு விலக வேண்டியதாயிற்று, கேப்டன் சயிஸ் காயத்தோடு இறங்கினார். 5-வது நிமிடத்தில் கிரீஸ்மனுக்குப் போன பாஸை வெட்ட எல் யமிக் லைனிலிருந்து பாய்ந்தார், பந்து சிக்கவில்லை. அவர் விட்ட இடத்தை மூட யாரும் வரவில்லை. சில நொடியில் தியோ எர்னாண்டஸ் கோல். மூன்று சென்டர்-பேக் வைப்பதன் பெரிய லாபமே, ஒருவர் துணிந்து முன்னால் பாயலாம், பின்னால் இருவர் இருக்கிறார்கள் என்பது. அந்த இருவரும் அவர் பாய்ந்த கணத்தில் உள்நோக்கி நெருங்காவிட்டால் அந்த லாபம் அப்படியே நட்டமாகிவிடும். 21-வது நிமிடத்தில் சயிஸ் வெளியேற, அமல்லா வந்து, மொராக்கோ பழைய நான்குக்குத் திரும்பியது. அதன்பிறகு பிரான்ஸைப் பின்னால் தள்ளியது. ஆட்டம் 0-2 என்று முடிந்தாலும் அந்த நேரத்தை மறுபடி பாருங்கள். பழகிய தூரத்தில் நிற்கும் பதினொருவர் எப்படி இருப்பார்கள் என்பது தெரியும்.

4-4-2 ரசிகர்கள் மகிழ வேண்டாம், உங்களுக்கும் ஒரு ஃப்ரீ ஆள் உண்டு. அவர் நடுக்களத்தின் மூன்றாவது ஆள், பெரும்பாலும் எதிரணியின் பிவட், அதாவது பின்வரிசைக்கு முன்னால் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவர். 2013-14-ல் பயிற்சியாளர் சிமியோனேயின் அட்லெடிகோ மாட்ரிட் 38 ஆட்டத்தில் 26 கோல் மட்டும் வாங்கி லா லிகாவை வென்றபோது, அந்த ஆளை ஸ்ட்ரைக்கர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒரு ஸ்ட்ரைக்கர் பிவட்டின் மடியிலேயே உட்கார்ந்திருப்பார். ஓரத்தில் ஆட வேண்டிய கொக்கேயும் அர்தா துரானும் உள்ளே நெருங்கி நிற்பார்கள். அதனால் நடுவழி அடைபட்டு, பந்து ஓரத்துக்குத்தான் போகும். போகட்டும் என்பதே திட்டம். கிராஸ் வந்தால் பாக்ஸுக்குள் கொடினும் மிராண்டாவும் தலையால் எடுத்துவிடுவார்கள். இதைப் பார்த்து அதே 4-4-2 வைத்த எத்தனையோ அணிகள் அடி வாங்கியதற்குக் காரணம், அவர்களுடைய ஸ்ட்ரைக்கர்கள் நடுவட்டத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதுதான்.

இந்தக் கேள்வியே ஒன்றும் புதிதில்லை. 1953 நவம்பரில் வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கியது. சென்டர்-ஃபார்வர்டு என்று எழுதப்பட்ட இதெகுட்டி நடுக்களத்துக்கு இறங்கி நின்றார். அவர் பின்னால் போவதா, இடத்தில் நிற்பதா என்று இங்கிலாந்தின் நடுத் தடுப்பாட்டக்காரரான சென்டர்-ஹாஃபுக்குத் தெரியவில்லை. போனால் பின்னால் ஓட்டை, நின்றால் இதெகுட்டி ஃப்ரீ. அவர் மூன்று கோல் அடித்தார்.

அடுத்து, உங்களுக்குள் மிக அதிகம் வாய்த்தகராறு உண்டாக்கும் ஹை லைன், அதாவது பின்வரிசை நடுக்கோட்டை ஒட்டி முன்னேறி நிற்பது.

2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்ற ஆட்டத்தில், முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு. 2024 அக்டோபர் 26 அன்று பெர்னபேயுவில் பயிற்சியாளர் ஃபிளிக்கின் பார்சிலோனா ரியால் மாட்ரிடை 4-0 என்று அடித்தபோது எம்பாப்பே மட்டும் எட்டு முறை ஆஃப்சைடில் சிக்கினார். அப்போது ஹை லைன் துணிச்சல். தோற்கும் நாளில் அதே லைன் தற்கொலை. இரண்டு பேச்சிலும் விட்டுப்போவது ஒன்றே: பந்து வைத்திருப்பவர் மேல் அழுத்தம் இருந்ததா? தலை குனிந்து, முதுகுப்புறம் ஆள் நெருக்க, அவசரமாகப் பந்தை உதைப்பவரால் லைனுக்குப் பின்னால் அளந்து போட முடியாது. அப்போது லைன் நடுக்கோட்டில்கூட நிற்கலாம். அவர் தலை நிமிர்ந்து, அடுத்த அடி எடுத்து வைக்க நேரம் இருந்தால், பின்வரிசை அந்தக் கணமே திரும்பி ஐந்து பத்து மீட்டர் இறங்க வேண்டும். முன்னால் அழுத்தம் தளர்ந்ததைப் பின்னால் உள்ளவர்கள் அரை நொடி தாமதமாக உணர்ந்தால் போதும், கோல்.

இரண்டாவது ஆபத்து, ஸ்ட்ரைக்கரின் ஓட்டத்தைவிடப் பின்னாலிருந்து வருபவரின் ஓட்டம். ஸ்ட்ரைக்கர் வேண்டுமென்றே ஆஃப்சைடில் நின்று வேடிக்கை பார்ப்பார். நடுக்களத்திலிருந்து ஒருவர் லைனைத் தாண்டி ஓடுவார். 2023 நவம்பர் 6 அன்று செல்சிக்கு எதிராக டாட்டன்ஹாம் ஒன்பது பேராகக் குறைந்தபிறகும் நடுக்கோட்டை ஒட்டி லைனை வைத்தது. கிறுக்குத்தனம் என்று சிரித்தோம். ஆனால் 75-வது நிமிடம் வரை 1-1 தான்; கோல்கீப்பர் விக்காரியோ பாக்ஸுக்கு வெளியே ஓடி வந்து பந்துகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார். ஒன்பது பேரால் பந்தை நெருக்க முடியாது, கடைசியில் அப்படிப் பின்னாலிருந்து வந்த ஓட்டங்களில்தான் அடைப்பு உடைந்தது, 1-4. அதே பயிற்சியாளர் போஸ்டெகோக்லு 2025 மே 21 அன்று பில்பாவோவில், 1-0 முன்னிலையைக் காக்கத் தன் அணியைப் பாக்ஸுக்குள் இறக்கி நிறுத்தி யூரோப்பா லீக்கை வாங்கினார். தத்துவவாதி என்று நீங்கள் பட்டம் கட்டியவர்கள்கூடத் தேவைக்கு இறங்குவார்கள்.

ஒரு சின்ன திருத்தமும் தேவை. 2025 அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் இன்டர் பார்சிலோனாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்ததும் ஹை லைன்தான் காரணம் என்று ஒரே குரல். முதல் கோல் ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் ஓரத்திலிருந்து வந்த கிராஸ், துராம் குதிகாலால் தட்டினார். மற்ற இரண்டும் டும்ஃப்ரீஸ் அடித்தவை, இரண்டும் கார்னரிலிருந்து. லைனுக்கு மேலே போன பந்து எங்கே?

லோ பிளாக், அதாவது மொத்த அணியும் தன் பாக்ஸருகே இறங்கி நிற்பது பற்றிப் பேசும்போது நம்மில் பலர் ‘பஸ் நிறுத்துதல்’ என்று கேலியோடு முடித்துக்கொள்கிறோம். அது கடினமான வேலை. இரண்டு வரிசைக்கும் இடையே பத்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பின்வரிசை பாக்ஸின் விளிம்பில் நிற்க முயல வேண்டும், கோல் ஏரியாவுக்குள் ஒடுங்கக் கூடாது. பந்து ஓரத்தில் எண்ட் லைன் வரை போனால் பின்வரிசை கோலை நோக்கி ஓடியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் நடுக்களத்தவர் யாராவது பெனால்டி ஸ்பாட் பக்கம் இறங்கினாரா என்று பாருங்கள். இறங்காவிட்டால் கட்-பேக் (எண்ட் லைனிலிருந்து பின்னோக்கித் தரும் பாஸ்) அங்கேதான் வரும். சென்டர்-பேக் இருவரையும் திட்டுவீர்கள். தூங்கியவர் பாக்ஸின் விளிம்பில் நின்ற நடுக்களத்தவராக இருப்பார்.

பந்தைத் தலையால் வெளியேற்றிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பது அடுத்த சோதனை. நல்ல அணி ஒரே குரலில் கத்தி ஏழெட்டு மீட்டர் முன்னேறும். களைத்த அணி அங்கேயே நிற்கும். இரண்டாவது பந்து மீண்டும் எதிராளிக்கே போகும், அலை அலையாக வரும். 2019 செப்டம்பர் 5 அன்று குவாஹாத்தியில் சேத்ரியின் கோலோடு முன்னிலையில் இருந்த இந்தியா, 82, 90-வது நிமிடங்களில் ஓமானிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றது. ஐந்து நாள் கழித்து தோகாவில், ஆசிய சாம்பியன் கத்தாரோடு 0-0. நாடே கொண்டாடியது, கொண்டாடலாம். ஆனால் குர்பிரீத் பதினொரு முறை கோலைத் தடுக்க வேண்டியிருந்தது. அதைத் தடுப்பாட்டத் திட்டத்தின் வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, கோல்கீப்பரின் வெற்றி என்பேன்.

பந்து வைத்திருப்பவரை நெருக்கும் பிரஸ்ஸிங் பற்றிச் சுருக்கமாக. எல்லா நேரமும் ஓடிப் பிடிப்பது பிரஸ்ஸிங் அல்ல. எதிராளி பின்னால் பாஸ் கொடுத்தால், முதல் தொடுதல் தடுமாறினால், தன் கோலைப் பார்த்தபடி பந்து வாங்கினால், டச்லைன் ஒட்டி ஃபுல்-பேக்குக்குப் பந்து போனால், கிளம்ப வேண்டும். முதல் ஆள் ஓடும் கோணமே ஒரு பாஸை மறைக்க வேண்டும். ஒருவர் மட்டும் கிளம்பி மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால், அவருக்குப் பின்னால் ஓர் ஆள் இலவசமாகக் கிடைப்பார். ரசிகர்கள் அப்படிப்பட்டவரைத்தான் ‘உழைப்பாளி’ என்று கைதட்டுகிறார்கள்!

தாக்கும்போதே தடுப்பாட்டம் தொடங்கிவிடுகிறது என்பதை விவாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் அணி எதிர்ப் பாக்ஸைச் சுற்றி நிற்கும்போது பின்னால் எத்தனை பேர், எந்த வடிவில்? 2022-23-ல் மூன்று கோப்பை வென்ற மான்செஸ்டர் சிட்டி, ஸ்டோன்ஸை நடுக்களத்துக்கு ஏற்றி, பின்னால் மூவர், அவர்களுக்கு முன் இருவர் என்று ஐவரை வைத்தது. பந்து பறிபோன மறுநொடி நடுவழி மூடியிருக்கும். இரண்டு ஃபுல்-பேக்கும் ஒரே நேரத்தில் மேலே போய், பிவட்டும் ஆசைப்பட்டு ஏறினால், இரண்டு சென்டர்-பேக் பாதி மைதானத்தைக் காக்க வேண்டும். அந்த எதிர்த்தாக்குதலில் விழும் கோலுக்கும் 4-3-3 என்ற எண்ணுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

இதையெல்லாம் டிவியில் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். கேமரா பந்தின் பின்னால் ஓடும், ஆனாலும் முடியும். எதிரணி சென்டர்-பேக் காலில் பந்து நிதானமாக இருக்கும்போது திரையை நிறுத்துங்கள். பெனால்டி பாக்ஸின் ஆழம் 16.5 மீட்டர். அதற்குள் புல்லில் எத்தனை பட்டை என்று எண்ணுங்கள். மூன்று என்றால் ஒரு பட்டை 5.5 மீட்டர். இப்போது உங்களிடம் அளவுகோல் இருக்கிறது. உங்கள் அணியின் பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே எத்தனை பட்டை? இரண்டு என்றால் நன்று. மூன்றரை, நான்கு என்றால் அங்கே ஒருவர் திரும்பி நின்று பந்து வாங்கப்போகிறார். பயிற்சியாளர் சாக்கியின் ஏசி மிலான், கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையே 25 முதல் 30 மீட்டர் என்று பயிற்சி செய்து 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்றது. அது நான்கரை முதல் ஐந்தரைப் பட்டைதான். 20, 45, 70, 85-வது நிமிடங்களில் இதே அளவை எடுங்கள். எந்தக் கட்டத்தில் விரிகிறது என்று பார்த்தால், மாற்று வீரர் தாமதமாக வந்தாரா, முன்கள வீரர் இறங்குவதை நிறுத்தினாரா என்பது தானாகத் தெரியவரும்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். வேகமான சென்டர்-பேக் இல்லாத, வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடும் அணிக்கு நடுத்தர உயரத்தில் நிற்கும் நான்கு பேர் லைனே நல்லது என்று நினைக்கிறேன். விங்-பேக் இருவரும் தொண்ணூறு நிமிடம் ஓரம் முழுவதும் ஓட வல்லவர்களாக இல்லாவிட்டால் ஐந்து பேர் லைன், கடைசி இருபது நிமிடத்தில் பாக்ஸுக்குள் ஐந்து பேர் குவிவதாகவே முடிகிறது. மறுக்கலாம். மறுக்கும்போது ஆட்டம், நிமிடம், ஃப்ரீயாக நின்றவர், அவரிடம் போகாதவர் என நான்கையும் எழுதுங்கள். பயிற்சியாளரை நீக்கக் கோரும் பதாகையை அதற்கு அப்புறம் விரிக்கலாம்.

அன்புடன்,
பட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்